உடலைப் பேணுதல் பற்றாகுமா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்பிய மூதாட்டியரை நம் குடும்பங்களில் இன்று காண்கிறோம். முன்னாளில் இந்நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சினர். இன்று தக்க காலத்தில் கண்டறியப்பட்டோர் பலர் பல்லாண்டு வாழ்கின்றனர். அங்ஙனம் மீண்டவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு: "அறுபதைக் கடந்தாயிற்று, இனியும் இவ்வுடம்புக்கு ஊட்டமென்றும் பயிற்சியென்றும் பாடுபடுவது பற்றன்றோ? உபவாசமிருந்து வினைகளை உதிர்ப்பதன்றோ தக்கது?" உடல் வேறு, உயிர் வேறு எனப் பயின்று வந்த நமக்கு இவ்வினா எளிதன்று. ஆதலின் சற்றே ஆராய்வோம்.

முதற்கண் உடலின் நிலையை அறிதல் நன்று. முதுமையில் தசை தானே குறையும். சிகிச்சையும் தளர்ச்சியும் அதனை மேலும் குறைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நோயின் வகையை ஒட்டி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், மூட்டுவலியும் தரும். தசை குன்றி எலும்பு மெலிந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். புற்றுநோயினின்று மீண்டவர் அதன்பின் படுக்கையினின்று எழாமலே போவதும் உண்டு.

இந்நிலையில் வீட்டார் அன்பு மிகுதியால், "பாட்டி, நீங்கள் எழ வேண்டா" என்று அவரை நாற்காலியில் அமர்த்திவிடுகின்றனர். அறுவை செய்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கலாகாது என்பது பழைய அறிவுரை. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியபின் கை வீங்கும் என்ற அச்சமே அதற்குக் காரணம். 1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்னும் மருத்துவர் இவ்வச்சத்தைச் சோதித்தார். நோயினின்று மீண்ட 24 பெண்கள் பயிற்சி பெற்று நீண்ட படகில் அமர்ந்து துடுப்பு வலித்தனர். எவர்க்கும் புதிதாகக் கை வீக்கம் தோன்றவில்லை. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் ஆய்வாளரும் குழுவினரும், ஏற்கனவே கை வீக்கமுடைய 141 பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். தக்க மேற்பார்வையில், சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியோர்க்கு வீக்கம் மிகவில்லை, வலிமையே மிகுந்தது.

வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் நடத்தல், வாரம் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது 2019இல் வல்லுநர் கூடி வெளியிட்ட பரிந்துரை. ஜினாலயத்தை வலம் வருவதும் நடையே. கை ஊன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், நீர் நிரம்பிய சிறு புட்டியை உயர்த்தி இறக்குவதும் வலுப்பயிற்சியே. எலும்பில் நோய் பரவியோரும் இதய நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

இனி உணவு. முதியோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பர். அஃதாவது 50 கிலோ எடையுள்ளவர்க்கு 50 முதல் 60 கிராம். இரண்டு இட்டிலியும் ரசஞ்சோறும் மோரும் கொண்டு இதனை எட்ட இயலாது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் நம் பெண்டிரின் வழக்கமும் இதற்குத் துணையாகாது. இதற்காகப் புலாலுண்ணாமையையோ, பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கத்தையோ நெகிழ்த்த வேண்டியதில்லை. பாசிப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. துவரை, கொண்டைக்கடலை, பால், தயிர் ஆகியவற்றைப் பகல்வேளைகளில் பகிர்ந்து உண்ணலாம். கேழ்வரகும் எள்ளும் சுண்ணாம்புச் சத்துத் தருவன. சிறுநீரக நோயுடையோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

இப்போது வினாவுக்கு வருவோம். தீர்த்தங்கர நாமகர்மத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவமும் தியாகமும் இடம்பெறுகின்றன. இரண்டும் "சக்திக்கேற்ப" என்னும் அடையுடனே கூறப்பட்டுள்ளன. சக்திக்கு மிஞ்சிய நோன்பால் மயங்கி விழுந்து, பிறர் தாங்க வேண்டிய நிலையில் சாமாயிகமும் சுவாத்தியாயமும் கைவிடப்படுமாயின், அந்நோன்பால் அடைந்த பயன் யாது? சல்லேகனையும் தீர்வற்ற நோய், மூப்பு முதலியன நேர்ந்தபோது, தெளிந்த அறிவுடன் மேற்கொள்ளுமாறு விதிக்கப்பட்டது. தீர்வுள்ள நோயினின்று மீண்டவர் உணவைச் சுருக்கிச் சோர்வது அதுவாகாது. உடற்பற்றை விடுவதற்கென்றே அமைந்த காயோத்சர்க்கத்தையும் நின்று செய்வதே பெருவழக்கு. உடலை விடுவோர்க்கும் நிற்கும் கால்கள் வேண்டியுள்ளன.

நோன்பு நோற்க விழைவோர்க்கு வழி அடைபடவில்லை. புறத்தவம் ஆறனுள் சுவைகளைத் துறக்கும் ரசபரித்தியாகமும் ஒன்று. சிகிச்சைக்குப்பின் எடை கூடுவோர் பலர். அவர்கள் அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் இனிப்பும் நெய்யும் எண்ணெய்ப் பலகாரமும் துறக்கலாம். பயறும் பருப்பும் குறையாதிருக்கட்டும். நாவின் மீதுள்ள பற்று அறுபடும், உடலோ தளராது.

இல்லத்தாருக்கும் ஒன்று சொல்வோம். பிணியுற்றோர்க்குப் பணி செய்யும் வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று. பாட்டியை அமர்த்திவிட்டு எல்லாவற்றையும் தாமே செய்வதோடு அது நிறைவுறாது. மாலையில் அரைமணி நேரம் அவருடன் நடந்து வாருங்கள். பொழுது சாயுமுன் அவர் இலையில் முதலில் பருப்பை இடுங்கள். இவ்விரண்டும் இன்றே தொடங்கத்தக்க தவமாகும்.