நீரோவுக்கும் நீதி

இறந்தவர் வாய்திறந்து மறுமொழி கூறுவதில்லை. எனவே இறந்தவரைக் குறித்து நாம் பேசும் சொல் நம் நேர்மைக்கு உரைகல்லாகிறது. அவர் கொடியவராகவும் இருந்துவிட்டால்?

கி.பி. 68-இல் உரோமை ஆட்சிமன்றம் நீரோவை நாட்டின் பகைவன் என்று அறிவித்தது. அவன் தற்கொலை செய்துகொண்டான். மறு ஆண்டே அரியணை ஏறிய ஓத்தோ, நீரோவின் சிலைகள் மீண்டும் எழ இசைந்தான். அவனை வென்ற வித்தேலியுஸ் நீரோவுக்கு ஈமப்பலி செலுத்தினான். எளிய மக்களிடம் அப்பெயருக்கு இருந்த செல்வாக்கு இருவருக்கும் தேவைப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சியைப் பற்றிய வெஸ்பாசியானுக்கோ, தன் புதிய அரசகுலம் ஒளிர வேண்டி, இருண்ட நீரோ தேவைப்பட்டான்.

நீரோவின் பொன் மாளிகைக்குரிய செயற்கை ஏரி வற்றச்செய்யப்பட்டது. அங்கே பொதுமக்களுக்கான பேரரங்கு எழுந்தது. வெஸ்பாசியானின் மகன் தீத்து 80-இல் அதைத் திறந்துவைத்தான். நீரோவின் மாபெரும் வெண்கலச் சிலை கதிரவனின் சிலையாயிற்று. அவனுடைய பளிங்கு முகங்கள் பல, வெஸ்பாசியானின் முகமாகச் செதுக்கப்பட்டன. கல் பழையது, முகம் புதிது. 96-இல் அக்குலத்தின் கடைசி மன்னன் தொமித்தியான் கொலையுண்டபோது, அவன் பெயரும் கல்வெட்டுகளிலிருந்து கொத்தி எடுக்கப்பட்டது. உளி, எடுத்தவன் வீட்டுக்கே திரும்பியது.

நீரோவைக் கறுப்பாகத் தீட்ட நமக்கும் காரணம் உண்டு. 64-இல் உரோமை எரிந்தபோது, அவன் பழியைக் கிறிஸ்தவர்மேல் சுமத்திக் கொடுமையாய்க் கொன்றான். இதை எழுதிய வரலாற்றாசிரியர் தாசித்துஸே வேறொன்றும் எழுதுகிறார்: தீ மூண்டபோது நீரோ அந்தியத்தில் இருந்தான்; நகருக்குத் திரும்பி, வீடிழந்தோருக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். நகர் எரிகையில் அவன் பாடினான் என்பதை அவர் வதந்தியாகவே குறிக்கிறார்.

கொடியவனுக்கு இவ்வளவு நியாயம் எதற்கு என்று சிலர் வினவலாம். இதனால் அவன் குற்றம் குறைவதில்லை. தாயைக் கொல்வித்ததும் மாசற்றோரை வதைத்ததும் அப்படியே நிற்கின்றன. ஆனால் நம் முன்னோர்க்கு அவன் இழைத்த முதல் அநீதி என்ன? செய்யாததைச் செய்ததாகச் சொன்னதன்றோ! அவனைக் குறித்து நாமும் அதையே செய்தால், அவன் ஆயுதத்தையே நாம் கையில் எடுக்கிறோம். மறைசாட்சியரின் குருதிக்குப் பொய்யின் துணை வேண்டியதில்லை.

எட்டாம் கட்டளை கல்லறையோடு முடிவதில்லை. நம் இல்லங்களிலும் பங்குகளிலும் மறைந்தோரின் முகங்களை, நம் வழக்குக்கும் வசதிக்கும் ஏற்ப, நாம் நாளும் செதுக்கிக்கொண்டிருக்கிறோம். உளியைக் கீழே வைப்போம். உள்ளதை உள்ளவாறு சொல்வோம். தீர்ப்பு இறைவனுடையது, சான்று மட்டுமே நம்முடையது.