தன் வீட்டு மணத்தைத் தானே நடத்தலாமா?



அறவுரை கூறும் உபாசகரே திருமணங்களையும் நடத்திவைப்பது நம் சங்கங்களில் நெடுநாள் வழக்கம். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் கிளை பரப்பிய நாள்தொட்டு, மணத்திற்கும் மரணத்திற்கும் நம்மவர் வெளிப் புரோகிதரை நாடாது தம்முள் ஒருவரையே முன்னிறுத்தினர். அவ்வாறு நிற்பவரின் சொந்த மகளுக்கோ, தங்கை மகனுக்கோ மணம் கூடும்போது ஒரு வினா எழுகின்றது. பந்தலை அமைப்பதும், மணமக்களை அலங்கரிப்பதும், நடுவில் நின்று உறுதிமொழி கூறுவிப்பதும் ஆகிய யாவற்றையும் அவரே செய்யலாமா? உற்றார் ஒருவர் நடுவராக நிற்றல் தகுமா?

தகாது என்பார் விநயத்தை எடுத்துக்காட்டுவர். ஆணின் கருத்தைப் பெண்ணிடமும் பெண்ணின் கருத்தை ஆணிடமும் கொண்டுசென்று மணம் கூட்டுதல் பிக்குவுக்கு ஆகாது என்பது சங்காதிசேச விதிகளுள் ஐந்தாவது. அவ்விதி பிறந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. சாவத்தி நகரில் உதாயி என்னும் பிக்கு வீடுதோறும் சென்று வரன் கூட்டிவந்தார். அறிமுகமில்லாதார்க்குப் பெண் கொடேன் என்று மறுத்த ஒரு தாயும் அவர் சொல்லை நம்பித் தன் மகளை அயலூரில் கொடுத்தாள். ஒரு திங்கள் மருமகளாக நடத்தியவர்கள், பின்பு அவளை அடிமையாக நடத்தினர். தாய் வந்து முறையிட்டாள். உதாயி ஒருமுறை சென்றார். அவ்வீட்டார் அவரை இகழ்ந்து அனுப்பினர். மறுமுறை அழைத்தபோது, இனிப் போகேன் என்று கூறிவிட்டார். மணத்திற்கு முன் இனிக்கப் பேசிய வாய், துன்பம் வந்த காலத்தில் மூடிக்கொண்டது. விதி துறவிக்கு உரியதேயாயினும், அதன் காரணம் இல்லறத்தாராகிய நமக்கும் உரியதன்றோ?

தகும் என்பார்க்கும் சான்றுகள் உள. இலங்கையில் சிங்கள பௌத்தர்களின் போருவ மணத்தில், மணமக்களின் சிறுவிரல்களை நூலால் பிணைத்து நீர் வார்ப்பவர் பெரும்பாலும் பெண்ணின் மாமனே. நாம் வாழும் கருநாடகத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கவிஞர் குவெம்பு 1966ஆம் ஆண்டில் தம் மகன் பூரணசந்திர தேஜஸ்விக்கும் இராஜேஸ்வரி அம்மையாருக்கும் தாமே ஒரு மணமுறையை வகுத்து நடத்திவைத்தார். மந்திர மாங்கல்யம் என்பது அதன் பெயர். புரோகிதர் இல்லை, வரதட்சணை இல்லை, ஆடம்பரம் இல்லை. இன்றும் கருநாடகத்தில் பலர் அம்முறையில் மணம் புரிகின்றனர்.

இதனால் விளங்குவது யாது? பிறர் வீட்டுப் பந்தலில் எளிமையைப் போதிப்பது எளிது. அதற்குப் போதகர் கொடுக்கும் விலை ஒன்றுமில்லை. தன் வீட்டு மணத்தில்தான் அவருடைய சொல் உரைகல்லில் உரசப்படுகின்றது. ஊரார் மணங்களில் சிக்கனத்தைப் புகழ்ந்தவர், தன் மகளின் மணத்திற்குக் கடன் வாங்கிப் பெரிய மண்டபம் பிடிப்பாராயின், அவர் இதுகாறும் உரைத்தது அறமன்று, வெறும் ஓசையே. எனவே தன் வீட்டில் முன்னின்று நடத்துவது அவருக்கு உரிமை என்பதினும் சோதனை என்பதே பொருந்தும்.

ஆயினும் எளிமை என்பது வறண்ட முகமன்று. சிகாலோவாத சூத்திரத்தில் கணவனுக்குக் கூறப்பட்ட ஐந்து கடமைகளுள் மனைவிக்கு அணிகலன் அளித்தலும் ஒன்று. மணமகள் விரும்பும் பூவையும் சேலையையும் மறுத்து, தன் கொள்கையை அவள்மேல் உடுத்துவதும் ஒருவகை ஆடம்பரமே. அலங்காரம் அவள் மகிழ்ச்சிக்காக இருக்கட்டும். குடும்பப் பெருமைக்காகவும் வேண்டா, போதகரின் புகழுக்காகவும் வேண்டா.

இனி, இவற்றினும் கடினமான இடத்திற்கு வருவோம். மணத்தை மணமாக்குவது எது? நடத்துபவரின் நா அன்று, மணமக்களின் சொல். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களை ஏற்றபோது புரோகிதர் வேண்டும் என்று கூறவில்லை. உற்றார், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றலே போதும் என்றது. பெங்களூரில் உள்ள நமக்கு அப்பிரிவு பொருந்தாதெனினும், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணப்போரும், திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் அறிய, ஒருவரையொருவர் ஏற்பதாகத் தம் வாயாலேயே கூறவேண்டும்.

அவ்வாறாயின், நடத்துபவர் உண்மையில் செய்யும் பணி ஒன்றே. "இது உன் விருப்பமா?" என்று கேட்டல். பிறர் கேட்டால் இது வினா. தந்தையோ மாமனோ நிறைந்த சபையில் கேட்டால், இது வினாவின் உடை தரித்த கட்டளை. அப்பா முகத்தைப் பார்த்து, ஊரார் நடுவில், மாலை சூடிய கழுத்தோடு, இல்லை என்று சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர்?

ஆலைத் தறியில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் ஓர் உவமை கூறுவேன். பாவில் ஓர் இழை அறுந்ததைக் காணாமல் தறியை ஓட்டினால், அக்குறை துணியின் நீளம் முழுவதும் கோடாக ஓடும். துணி இறங்கிய பின் வருந்திப் பயனில்லை. அறுந்தபோதே தறியை நிறுத்தி இழையை முடிந்தாக வேண்டும். தறியை நிறுத்தினால் அன்றைய அளவு குறையும் என்று அஞ்சுபவன் நல்ல நெசவாளி அல்லன். மணம் நின்றால் மானம் போகும் என்று அஞ்சுபவரும் நல்ல நடுவர் அல்லர்.

ஆதலின், தன் குடும்பத்து மணத்தை நடத்த விரும்புவோர் மூன்றைக் கடைப்பிடித்தல் நன்று. முதலாவது, வரனைக் கொண்டுவந்தவர் தாமேயாயின், நடத்தும் பொறுப்பை வேறொருவரிடம் விடுக. பேசி முடித்தவரே நடுவராகவும் அமர்தல் நீதியன்று. இரண்டாவது, அழைப்பிதழ் அச்சாகும் முன்னரே, உறவல்லாத மூத்த அம்மையார் ஒருவர் மணமகளைத் தனியே கண்டு விருப்பம் கேட்கட்டும். மணமகனையும் அவ்வாறே ஒரு பெரியவர் கேட்கட்டும். மௌனம் சம்மதம் என்னும் பழமொழியை இங்கே கொள்ளற்க. விருப்பமில்லை என்று தெரிந்தால், கேட்டவரே அதைத் தம் முடிவாக அறிவித்துப் பழியைத் தாம் ஏற்கட்டும். பிள்ளைகள்மேல் அது விழலாகாது. மூன்றாவது, மணம் முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் அப்பெண் துயரோடு வந்து நின்றால், உதாயியைப்போல் கதவை அடையாதிருத்தல்.

உறவினர் நடத்துவதில் உள்ள சிறப்பே இம்மூன்றாவதுதான். கூலிக்கு வந்தவர் பந்தல் பிரிக்கும் முன்பே அடுத்த வீட்டிற்குப் போய்விடுவார். மாமனும் சிற்றப்பனும் எங்கும் போவதில்லை. பந்தல் பிரிந்த பின்னரே அவர்தம் பணி தொடங்குகின்றது. மணநாளில் அரை நாழிகை நடுவில் நிற்பவர், வாழ்நாள் முழுவதும் அருகில் நிற்கத் துணிவாராயின், தம் வீட்டு மணத்தைத் தாராளமாய் நடத்துக. துணியாதவர் முன்வரிசையில் அமர்ந்து மலர் தூவி வாழ்த்துக, அதுவும் குறைவன்று.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க.