பணமில்லை எனும் புதுவிதி

பானையில் சோறு குறைந்துவிட்டது. பந்தியிலே பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். எவர் இலையை எடுப்பது? எல்லோர்க்கும் ஒரு பிடி குறைப்பதா? எழுந்து வந்து கேட்க இயலாத பிள்ளையின் இலையை மட்டும் உருவிக்கொள்வதா? குடிசையில் வாழும் தாயும் இதற்கு விடை அறிவாள். அரசுகள் மட்டும் அடிக்கடி மறந்துவிடுகின்றன! பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் சட்டங்களுள் புதைந்து கிடக்கும் அறக்கேள்வி இதுவே.

கண்ணொளியின்றியோ, செவித்திறனின்றியோ, அறிவு வளர்ச்சி குன்றியோ பிறந்த குழந்தையைக் கண்டு, 'முன்வினைப் பயன்' என்றனர் பழமையாளர். விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதர் எவரும் பொறுப்பேற்க வேண்டுவதில்லை அன்றோ? வினைக்கொள்கையை அறியாத நாடுகளிலும் அதே வேலையைச் செய்ய ஒரு சொல் இருக்கிறது: 'நிதியில்லை!'

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழு பிள்ளைகளின் பெயரால் வழக்கொன்று நடந்தது. பணம் போதாது என்றது கல்வி வாரியம். 1972-இல் நீதிபதி ஜோசஃப் வாடி தீர்ப்பளித்தார். பணம் குறைவெனில் இருப்பதை நேர்மையாகப் பங்கிடுக; அக்குறையின் சுமை, குறையுடைய பிள்ளையின் தலையில் கூடுதலாக இறங்கலாகாது என்பதே அதன் சாரம். தாய் அறிந்த நீதியை நீதிமன்றமும் உரைத்தது!

1975-இல் சட்டம் பிறந்தது. பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப்பள்ளியின் வாயிலையே மிதிக்கவில்லை என்பதை அச்சட்டமே ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமற்ற, தக்க கல்வி உரிமையாயிற்று. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொருவருக்கும், நாட்டில் ஒரு மாணவர்க்காகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை நடுவண் அரசு தரலாம் என இலக்கும் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு உருண்டோடியும் அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. எஞ்சிய சுமை மாநிலங்களின் மேலும் வட்டாரப் பள்ளி நிருவாகங்களின் மேலும் விழுந்தது.

உரிமையைச் சட்டம் தரும். ஓர் எண் அதைப் பறித்துவிடும். டெக்சஸ் மாநிலத்தைப் பாருங்கள்! 2004 முதல் அங்கே கல்வித்துறை, சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் அந்த வட்டாரத்திற்குக் குறைந்த மதிப்பெண் போட்டது. முன்பு ஏறத்தாழ 12 விழுக்காடாயிருந்தது, பத்தாண்டுகளில் அந்த எண்ணருகே சரிந்து நின்றது. நாடெங்கும் சராசரி 13! டெக்சஸில் மட்டும் குறைகள் தாமே குணமாகிவிட்டனவா? 'உச்சவரம்பன்று, கண்காணிப்புக் குறியீடே' என வாதிட்டனர் துறையினர். 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளேடு இதை அம்பலப்படுத்தியது. 2017-இல் சட்டமன்றம் அம்முறைக்குத் தடை விதித்தது. தேவையுள்ள பிள்ளைகளைக் கண்டறியும் கடமையில் மாநிலம் தவறியதென 2018-இல் நடுவண் கல்வித்துறையும் அறிவித்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவம் கழிந்துபோயிற்று. அதை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

'ஒரு பிள்ளைக்கு இருவர் செலவா? இதுவா சமத்துவம்?' என்பாரும் உளர். நாம் அவர்களைக் கேட்கிறோம்: ஆழக் கிணற்றுக்கும் ஆழமில்லாக் கிணற்றுக்கும் ஒரே நீளக் கயிறு கொடுப்பது சமத்துவமா? கயிற்றின் நீளத்தை அளப்பவர், குடத்தில் நீர் வந்ததா என்று பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது குடத்து நீர். கயிறு நீள்வதால் பக்கத்துக் கிணற்றுக்குக் குறையுமே என்றால், கயிற்றை மேலும் திரிக்கச் சொல்லிப் போராடுவோம்; பிள்ளைகளைப் பிள்ளைகளோடு மோதவிடோம்.

பகுத்தறிவுத் தோழர்களே! விதியை வீழ்த்தப் புறப்பட்ட நாம், வரவுசெலவுத் திட்டத்தின் வேடத்தில் அது திரும்பி வருவதைக் கண்டும் வாளாவிருக்கலாமா? எந்த அரசேனும் 'பணமில்லை' என்று கை விரிக்கும்போது, 'எவர்க்கு இல்லை? அதை முடிவு செய்தவர் எவர்?' என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!