விருந்தும் வினாவும்: அறியாதாரோடு உண்ணுதலின் அறம்

முன்னுரை

முன்பின் அறியாதார் சிலரை ஓர் இரவு உணவுக்கு அழைத்து, பேசுபொருள் ஒன்றை முன்வைத்து, அதன்மேல் அவர்களை உரையாடச் செய்யும் வழக்கம் இன்று உலகப் பெருநகரங்கள் பலவற்றில் காணப்படுகிறது. இந்திய நகரங்களும் இதற்கு விலக்கல்ல. இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் பழைமையான அறவினா ஒன்று இதனுள் உறைகின்றது. விருந்தினரை வினவும் உரிமை விருந்தளிப்பவருக்கு உண்டா? உண்டெனில் எவ்வினாவை, எப்பொழுது வினவலாம்? சாதியால் பகுக்கப்பட்ட இந்தியச் சமூகத்தில் இவ்வினா பெறும் கனத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருந்து என்னும் சொல்

தமிழில் விருந்து என்பது புதுமையைக் குறிக்கும் சொல்லாகும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்பினுள் ஒன்றாகிய விருந்து, புதிதாகப் புனையப்படும் யாப்பைச் சுட்டுகின்றது. புதியராய் வந்தவரும் விருந்து என்றே அழைக்கப்பட்டனர். எனவே உறவினரைக் கூட்டி உண்பதைவிட, அறியாதாரை அழைத்து உண்பிப்பதே இச்சொல்லின் பொருளுக்கு நெருங்கியது எனலாம். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பல், விருந்தினரை அனிச்ச மலரினும் மென்மையராகக் காண்கின்றது. அம்மலர் மோந்தால் வாடும். விருந்தினரோ முகம் மாறி நோக்கிய அளவிலேயே வாடுவர் என்பது அதன் கருத்து. நோக்கே வாட்டுமெனின் வினா எத்துணை வாட்டும் என்பது எண்ணத்தக்கது.

உணவு முன், வினா பின்

இவ்விடரைப் பண்டைய சமூகங்கள் உணர்ந்திருந்தன. ஹோமரின் ஒடிசியில், கரை ஒதுங்கிய ஒடிசியஸை அல்கினோஸ் அரசன் ஏற்று உண்பிக்கிறான். அவன் பெயரையும் ஊரையும் அதன் பின்னரே வினவுகிறான். யாரென அறிந்து உணவிடுதல் வேறு. உணவிட்டபின் யாரென அறிதல் வேறு. முன்னதில் உணவு தகுதிக்குரிய பரிசாகின்றது. பின்னதில் அது மனிதருக்குரிய உரிமையாகின்றது.

சீக்கிய மரபின் லங்கர் இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. குரு நானக் (1469–1539) தொடங்கியதாகக் கருதப்படும் இப்பொது உணவில் யாரும் யாரையும் வினவுவதில்லை. அனைவரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். தம்மைக் காண விரும்புவோர் முதலில் அவ்வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என மூன்றாம் குருவாகிய அமர் தாஸ் நெறிவகுத்தார் என்பது சீக்கிய மரபு. இங்குச் சமத்துவத்தை நிலைநாட்டுவது உரையன்று, வரிசையே.

உரையாடலின் நெறி

வினாவாமையே உயர்ந்ததெனின் உரையாடல் விருந்துக்கு இடமேது என்னும் ஐயம் எழும். இங்கு இம்மானுவேல் காண்ட் துணைநிற்கிறார். 1798இல் வெளிவந்த மானுடவியல் நூலில் அவர் நல்விருந்தின் இயல்புகளை ஆராய்கிறார். உண்போர் மூவருக்குக் குறையாமலும் ஒன்பதின்மருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். பேசுபொருள் அனைவருக்கும் உரியதாதல் வேண்டும். உண்ணுமிடத்தில் நம்பிக்கையோடு கூறப்பட்டதை வெளியே கொண்டுசென்று ஒருவருக்குத் தீங்கு விளைத்தல் கூடாது என்பன அவர்தம் கருத்துகள். ஆயின் அவர் எண்ணிய விருந்தினர் பண்பட்ட நண்பர் குழாமே. அறியாதாரை இருவர் இருவராக அமர்த்தி, உணவுப் பட்டியல் போன்று வினாப் பட்டியல் ஒன்றை அவர்கள் கையில் தந்து உரையாடச் செய்தவர் நம் காலத்து வரலாற்றறிஞர் தியோடர் ஸெல்டின் ஆவார்.

இவ்வினாப் பட்டியல் செயற்கையானது என்பர் சிலர். இந்தியச் சூழலில் அச்செயற்கையே அதன் சிறப்பாகின்றது. இங்கு அறியாத இருவர் சந்திக்கையில் இயல்பாக எழும் வினாக்கள் எவை? எந்த ஊர், எந்தத் தெரு, தந்தையின் தொழில் யாது, புலால் உண்பதுண்டா என்பனவே. இவை அன்பின் வினாக்கள்போல் தோன்றினும், பலவேளைகளில் சாதியை அறிய வீசப்படும் வலைகளாகும். முன்குறித்த பொருள் ஒன்று, எடுத்துக்காட்டாக அச்சம், முதுமை, நன்றி போன்ற ஒன்று, நடுவே வைக்கப்படும்போது அவ்வலைகள் விலக்கப்படுகின்றன. ஒருவர் தம் பிறப்பைக் கூறாமலே தம் வாழ்வைக் கூற இயலுகிறது. ஆகவே தக்க வினா, தகாத வினாவினின்றும் விருந்தினரைக் காக்கும் வேலியாகின்றது.

ஒரு தடையும் விடையும்

உடனுண்ணுதலால் சாதி அழிந்துவிடாது என்பது அம்பேத்கரின் தடை. 1936இல் வெளியான சாதி ஒழிப்பு குறித்த நூலில், சமபந்தி உணவு சாதியுணர்வைக் கொல்லவில்லை என்றும், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும் அவர் வாதிடுகிறார். இத்தடை வலியது. ஓரிரவு ஒன்றாய் உண்டு மறுநாள் பழைய சுவர்களுக்குள் திரும்புவோர், தம் மனச்சான்றுக்கு ஓர் ஆறுதல் தேடிக்கொண்டவரே ஆவர்.

எனினும் எல்லா உணவும் அத்தகையதன்று. 1917இல் கேரளத்தின் செறாயி என்னும் ஊரில் அய்யப்பன் (1889–1968) ஈழவரையும் புலையரையும் ஒருங்கமர்த்தி உண்பித்தார். அதனால் அவரைத் தம் சமூகத்தாரே விலக்கினர். புலையன் அய்யப்பன் என இகழ்ந்தனர். அவர் அப்பெயரை மறுக்காது பெருமையாக ஏற்றார். சகோதரன் என்பதே பின்னர் அவர்தம் பெயரின் முன்னொட்டாயிற்று. உணவு ஓரிரவோடு முடிந்தது. அதன் விளைவை அவர் வாழ்நாள் முழுதும் ஏற்றார். உடனுண்டாரை மறுநாள் தெருவிலும் உடையவராக ஏற்றுக்கொள்ளுதலே இதன் உரைகல் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. வினாவுக்கு முன் உணவு நிபந்தனையின்றி அளிக்கப்படுதல் வேண்டும். வினா, விருந்தினரின் பிறப்பைத் துருவாது அவர்தம் வாழ்வுக்கு வழிதிறத்தல் வேண்டும். விடையளிக்காது அமைதி காக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். விருந்தின் அறம் இலை எடுத்தவுடன் முடிவதில்லை. அது மறுநாளே சோதிக்கப்படுகிறது. இம்மூன்றும் பொருந்தாவிடத்து, பேசுபொருள் எத்துணை உயர்ந்ததாயினும், அங்கு உண்டவர் விருந்தினர் ஆகார். வேடிக்கை பார்க்க வந்தவரே ஆவர்.