உள்ளே தங்கம்

'ஆள் கொஞ்சம் கரடுமுரடு. ஆனா உள்ளுக்குள்ள தங்கம் சார்!' இப்படி ஒரு சிபாரிசை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கொடுத்தும் இருப்பீர்கள். உள்ளம்தான் நிஜம், மேல் பரப்பு வெறும் பூச்சு என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். அதில் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது குவாண்டம் டாட் என்கிற பொடிப் படிகம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு நானோமீட்டர். குவாண்டம் டாட்டின் குறுக்களவு அதில் ஒரு சில. ஒரே பொருள்தான், சின்னதாகச் செய்தால் நீலமாக ஒளிரும், பெரிதாகச் செய்தால் சிவப்பு. 2023-ல் எகிமோவ், புரூஸ், பாவெண்டி மூவருக்கும் இதற்காக வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இதற்குள் மின்சாரம் பாய்ச்சி ஒளிர வைப்பதுதான் குவாண்டம் டாட் எல்.ஈ.டி. (கடையில் க்யூ.எல்.ஈ.டி. என்று விற்கிற டி.வி. பெரும்பாலும் வேறு ஜாதி. அங்கே பின்னாலிருந்து வரும் விளக்கு வெளிச்சத்துக்கு நிறம் மாற்றித் தருவதோடு டாட்டின் வேலை சரி.)

தகராறு மேல் பரப்பில். ரூபிக் க்யூபை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 27 கட்டம். 26 வெளியே. உள்ளே என்று சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று! பக்கத்துக்குப் பத்தாக ஆயிரம் கட்டம் அடுக்கினாலும் 488 வெளியேதான். குவாண்டம் டாட்டில் அணுக்களின் கதையும் கிட்டத்தட்ட இதே. ஓரத்து அணுவுக்கு ஒரு பக்கம் கைகோக்க ஆளில்லை. அந்த வெறுங்கை, வருகிற எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சமாக வரவேண்டியது சூடாகப் போய்விடும். உள்ளே படிகம் அப்பழுக்கில்லாமல் இருந்து என்ன? பி.காம். பாஷையில், வியாபாரம் அமோகம், கல்லாவில் ஓட்டை.

எனவே மேலே இன்னொரு படிக ஓடு போட்டு, அதன்மேல் ஒலியிக் அமிலம் போன்ற நீள வால் மூலக்கூறுகளைப் போர்த்துகிறார்கள். ஒலியிக் அமிலம் ஆலிவ் எண்ணெயில் இருக்கும் சமாசாரம்தான். வெறுங்கைகள் அடங்கும். ஆனால், நீள வால்கள் மின்சாரத்தையும் சுலபத்தில் உள்ளே விடாது! 2019-ல் சாம்சங் ஆய்வாளர்கள் சிவப்பு டாட்டுக்கு வாலைக் குட்டையாக்கினார்கள். 2020-ல் நீலத்துக்கு, வால்களைக் குறைத்து குளோரைடை உட்கார வைத்தார்கள். நூறு எலெக்ட்ரானுக்கு சுமார் இருபது ஒளித்துகள் வெளியே வந்தது. நீலத்துக்கு அது பெரிய விஷயம்.

மனுஷன் என்ன ஆயிரம் அணுப் பொருளா, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பீர்கள். நியாயம். ஆனால் கவுன்ட்டரில் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்க்காமலே பாரத்தைத் திருப்பித் தள்ளுகிறாரே, அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவர் அவ்வளவு சின்னவர்தான். அவருடைய தங்கம் உங்களிடம் வந்து சேர வேறு பாதை இல்லை.

சரி, இனிமையாகப் பழகினால் போதுமா? பத்து வருஷமாக 'சாப்டாச்சா, சௌக்கியமா' என்று சிரிக்கிற எதிர்வீட்டுக்காரர் இருக்கிறார். அவருக்கு என்ன கஷ்டம் என்று நமக்குத் தெரியாது. நம்முடையது அவருக்குத் தெரியாது. அது நீள வால்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் எல்லாப் போர்வையையும் கழற்றி எறிகிறோம், நம்மவர்களுக்குத்தான் நம் உள்ளம் தெரியுமே என்று. மார்க் ஷீட்டை நீட்டிய பையனிடம் எரிந்து விழுந்துவிட்டு, ராத்திரி அவன் தூங்கினபிறகு போர்த்திவிடுகிற அப்பாக்கள் ஏராளம். பையன் எதைப் பார்த்தான்?