குடும்பமாய்ப் புறப்படும்போது



பிரியமானவர்களே, பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்கள் இவை. சபையில் அநேக வீடுகளில் ஒரே பேச்சு, லீவுக்கு எங்கே போகலாம் என்பதுதான். சந்தோஷமாய் ஆரம்பிக்கிற பேச்சு! மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மாமியார் ஒரு அறையில், மருமகள் அடுக்களையில், பெரிய மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வீட்டுத் தலைவரோ, "ஒருத்தரும் எங்கேயும் போக வேண்டாம், காசாவது மிஞ்சும்" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார். இதற்கெல்லாம் ஒரு செய்தியா பாஸ்டர் என்று கேட்பீர்கள். வேண்டியதுதான். திட்டம் போடும்போது வெளியே வருகிற கசப்பு அந்த வாரத்தில் முளைத்த கசப்பாக இருப்பதில்லை. வருஷக்கணக்காய் உள்ளே கிடந்தது, இப்போது வாசலுக்கு வருகிறது.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்க்கானா வருஷந்தோறும் தன் வீட்டாரோடே சீலோவுக்குப் போகிற மனுஷன். நல்ல பிரயாணம், பரிசுத்தமான பிரயாணம். பலி செலுத்துகிறான், எல்லாருக்கும் பங்கு கொடுக்கிறான். அன்னாளை நேசித்தபடியால் அவளுக்கு விசேஷித்த பங்கு. ஆனாலும் அந்த விருந்திலே ஒருத்தி சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருஷம் மட்டுமா? வருஷா வருஷம்! பெனின்னாள் மனமடிவாக்குவாள், இவள் அழுவாள், வண்டி திரும்பி ஊருக்கு வரும், அடுத்த வருஷமும் அதே.

எல்க்கானாவைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஏன் அழுகிறாய் என்று கேட்கவாவது செய்தான். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் தானே பதிலும் சொல்லிவிட்டான். பத்துப் பிள்ளைகள் இல்லாவிட்டால் என்ன, நான் ஒருவன் இருக்கிறேனே என்கிற மாதிரி ஒரு பேச்சு. நம்ம வீட்டு ஐயாமார் பேசுகிறதும் இதுதானே? "உனக்கு என்ன குறை வச்சேன்? ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன், நல்ல ரூம் போட்டிருக்கேன், இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" சகோதரனே, பங்கு கொடுத்தாய். சந்தோஷம். அவள் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டாயா?

ஆறு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கம்பெனியில் ஐந்து நாள் லீவு. பிளஸ் ஒன் முடித்த மகளுக்கு ஊட்டி, அதுவும் மலை ரயிலில். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எட்டு வயது மகனுக்குத் தண்ணீர் வேண்டும். கடலோ அருவியோ அவனுக்குக் கவலை இல்லை. தாத்தாவுக்குத் தரங்கம்பாடி. சீகன்பால்கு ஐயர் 1706-ல் வந்து இறங்கிய கரையையும், 1718-ல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தையும் கண் தெரிகிற காலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்கிறார். நமக்குத் தமிழிலே புதிய ஏற்பாடு அச்சில் வந்தது அந்த ஊரிலிருந்துதானே? பாட்டி, "நான் எதுக்கு? நான் வீட்டைப் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அம்மா, "எனக்கு எங்கேன்னாலும் சரி" என்கிறார்.

இந்தக் கடைசி இரண்டு பேரிடம் கொஞ்சம் நிற்போம்.

"எங்கேன்னாலும் சரி." இதைக் கேட்டவுடன் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஒரு ஓட்டு குறைந்தது! அந்த அம்மா ஏன் அப்படிச் சொல்லுகிறார் என்று யோசித்தீர்களா? எங்கே போனாலும் விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டுகிறது அவர்தான். ஆறு பேர் துணியை அடுக்குகிறது, சின்னவன் வாந்தி எடுத்தால் துடைக்கிறது, மாமனார் மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறது, திரும்பி வந்து ஒரு மூட்டைத் துணியைத் துவைக்கிறது எல்லாம் அவர்தான். மற்ற ஐந்து பேருக்கு இடம் மாறுகிறது. அவருக்கு அடுப்பு மட்டும் மாறுகிறது. அப்படியிருக்க, எந்த ஊர் என்றால் என்ன? அவருக்கும் ஒரு ஊர் உண்டு. அம்மா வீடு. போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதைச் சொன்னால் "அது ஒரு டூரா?" என்று சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்.

பாட்டியின் "வீட்டைப் பாத்துக்கிறேன்" வேறே. முழங்கால் வலி உண்மைதான். ஆனால் தான் பாரமாகிவிடுவோமோ என்கிற பயம் அந்த வலியைவிடப் பெரியது. "சரிம்மா, உங்க இஷ்டம்" என்று மகன் சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரி அந்தத் தாய் தலையணையோடு பேசுவார். அதே பாட்டியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு யாரைப் பாக்கணும்னு ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். நாசரேத்தில் இருக்கிற தங்கச்சி பெயர் வரும். எங்கே போகணும் என்ற கேள்விக்கு வயதானவர்களிடம் பதில் இருக்காது. யாரைப் பார்க்கணும் என்றால் உடனே பதில் வரும்.

ஆகிலும், இருக்கிறேன் என்று சொல்லுகிற எல்லாரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியைப் பாருங்கள். சாமுவேல் பிறந்த பிறகு எல்க்கானா மறுபடியும் சீலோவுக்குப் புறப்படுகிறான். இந்தத் தடவை அன்னாள், பிள்ளை பால்மறக்கும்வரை நான் வரவில்லை என்கிறாள். புருஷன் என்ன செய்தான்? என்னுடைய கௌரவம் என்ன ஆகும், ஜனங்கள் என்ன சொல்லுவார்கள் என்று குதிக்கவில்லை. உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி இரு என்று விட்டுக்கொடுத்தான். முன்னே பதிலையும் தானே சொன்ன மனுஷன், இப்போது அவள் சொன்னதைக் கேட்டான். அல்லேலூயா! சீலோ அதே சீலோதான். மாறினது எல்க்கானாவின் காது.

அடுத்தது கொஞ்சம் கசப்பான வார்த்தை. மருந்தென்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிக்குரிய வீடுகளில் மட்டும் வருகிற ஒரு வியாதி உண்டு. வாக்குவாதம் முற்றுகிற நேரத்தில் ஒருவர் எழுந்து, "நான் ஜெபிச்சேன், கர்த்தர் எனக்குக் கொடைக்கானலைக் காட்டினார்" என்பார். முடிந்தது பேச்சு! கர்த்தருக்கு எதிராய்ப் பேச எந்த மருமகளுக்குத் துணிவு வரும்? எந்தப் பிள்ளைக்கு வரும்? பிரியமானவர்களே, தேவன் வழிநடத்துகிறவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம்முடைய ஆசைக்கு அவருடைய நாமத்தைப் போர்த்துவது, பத்துக் கற்பனைகளில் மூன்றாவதைத் தொடுகிற காரியம். கொடைக்கானல் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. நாளைக்கு மெய்யாகவே கர்த்தர் பேசினார் என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் பிள்ளைகள் அதை நம்ப வேண்டாமா?

"காசு கொடுக்கிறது நான், நான் சொல்கிற இடம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாத்திராகமம் 10-ல் பார்வோன், யார் யார் போகிறீர்கள் என்று கேட்கிறான். மோசே இளைஞரையும் முதியவரையும் குமாரரையும் குமாரத்திகளையும் சேர்த்துச் சொல்லுகிறார். ஆண்கள் மட்டும் போனால் போதும் என்று பேரம் பேசினது பார்வோன். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆறு பேருக்கு ஆறு ஆசை. எதைப் பிடித்துத் திட்டம் போடுவது? ஆதியாகமம் 33-க்கு வாருங்கள். ஏசா நானூறு பேரோடு வருகிறான், அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், வா சேர்ந்தே போகலாம் என்கிறான் ஏசா. யாக்கோபோ, பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் பால் கொடுக்கிறவைகள், ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை தாங்காது, நீர் முன்னே போம், நான் இவைகளின் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாய் வருகிறேன் என்கிறான். இதைச் சொல்லும்போது யாக்கோபே நொண்டிக்கொண்டிருக்கிறான், தெரியுமா? ராத்திரியெல்லாம் போராடித் தொடைச்சந்து சுளுக்கி, அன்று காலையில்தான் வந்திருக்கிறான். நொண்டுகிறவனுக்குத்தான் சின்னக் கால்களின் வேகம் தெரிகிறது! (சேயீருக்கு வருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னவன் சுக்கோத்துக்குத் திரும்பிவிட்டான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

இதை வைத்து நம்ம ஆறு பேர் வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பதினாறு வயதுக்கு அது பரலோகம். முழங்கால் வீங்கின பாட்டிக்கு? சின்னவனுக்கு வளைவில் வாந்தி வரும் என்றால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவு எங்கே, கொல்லிமலையின் 70 எங்கே! குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே சீசன் ஜூனில்தான் ஆரம்பிக்கும், அப்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடும். மே மாதத்தில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தரங்கம்பாடி என்றவுடன் மகள், "பழைய கோட்டையைப் பாக்க யாரு வருவா?" என்றாளே, அந்தக் கோட்டைக்கு முன்னாலேயே கடல் இருக்கிறது. தாத்தா ஆலயத்தில் முழங்கால்படியிடட்டும், சின்னவன் அலையில் கால் நனைக்கட்டும், அப்பா கூட நிற்கட்டும். ஒரே இடத்தில் இரண்டு பேர் ஆசை தீர்ந்துவிடும். அம்மாவின் தாய் வீடு போகிற வழியில் இருந்தால் அங்கே இரண்டு ராத்திரி தங்கலாம். அங்கே அவர் மகள், சமைக்க வேண்டியதில்லை! மகளின் ஊட்டி இந்த ஐந்து நாளில் அடங்காது. அடங்காததை அடங்கும் என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம். "இந்த வருஷம் இல்லம்மா, பூஜா லீவுக்கு நீயும் நானும் அம்மாவும் போவோம்" என்று சொல்லி, காலண்டரில் எழுதி, சொன்னபடி செய்யுங்கள். பிள்ளைகள் இல்லை என்பதைத் தாங்கிக்கொள்வார்கள். பார்க்கலாம் என்று நாலு வருஷம் சொல்லுகிறதைத்தான் தாங்க மாட்டார்கள். பாட்டியின் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். இருவருக்கும் வயதாகிறது.

எப்படிப் பேசுகிறது? குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டுவதற்கு முன்னே உட்காருங்கள். சின்னவன் முதலில் பேசட்டும், அப்பா கடைசியில். அப்பா முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் ஆமாம்தான். கையில் இருக்கிற தொகை எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் திறந்து சொல்லுங்கள். எட்டு வயதுப் பையன்கூட, இவ்வளவுதான் இருக்கு என்றால் கணக்குப் போட்டுப் பேசுவான். ஒவ்வொருவரும் எதை விட்டாலும் இதை விட மாட்டேன் என்கிற ஒரே ஒரு காரியத்தைச் சொல்லட்டும். அம்மா, "ஒரு நாளாவது காலையில் யாரும் என்னை எழுப்பக் கூடாது" என்று சொன்னால் அதையும் எழுதுங்கள். நாளை ஒத்திப்போடாதீர்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஓடுகிற வீட்டில்தான் சத்தமும் அதிகம்.

யோசேப்பும் மரியாளும் பண்டிகை முடிந்து திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் பிரயாணம் நடந்துவிட்டார்கள் என்று லூக்கா 2-ல் வாசிக்கிறோம். கேட்காமல் நினைத்துக்கொண்ட அந்த ஒரு நாளுக்காக, திரும்பிப் போய்த் தேட வேண்டியதாயிற்று. மூன்று நாளைக்குப் பின்புதான் கண்டார்கள். அவ்வளவு நல்ல தாய் தகப்பனுக்கே அப்படி.

அன்னாளை விட்டுவிட்டோமே! வரவில்லை என்று சொன்னவள், பிள்ளை பால்மறந்தபின் தானே புறப்பட்டாள். காளை, மா, திராட்சரசம் எல்லாம் கூட வந்தது. அதற்குப் பிறகும் வருஷந்தோறும் புருஷனோடு சீலோவுக்குப் போனாள். முன்னே அழுதுகொண்டு போன அதே வழி. இப்போதோ ஒவ்வொரு வருஷமும் மகனுக்கென்று ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே அளவெடுத்து, நாளை எண்ணிக்கொண்டு தைத்திருப்பாள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.