கட்சிக்காரர் இல்லாத வக்கீல்

சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். "இந்த கேஸ்ல உன் கட்சிக்காரங்க யாருப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"யாருமில்லம்மா. நான் ஆர்பிட்ரேட்டர்."

"அப்போ ஃபீஸ் யாரு தருவா?"

"ரெண்டு பேரும்."

அம்மா நம்பவில்லை. "உன்னைக் கூப்பிட்டது யாரு?"

கூப்பிட்டது ஒரு தரப்புதான். நடுவர் மூவர் என்றால் இரு தரப்பும் ஆளுக்கொருவரை முன்மொழியும், மூன்றாமவர் தலைமை. மூவரும் தருவது அவார்டு. 1958 நியூயார்க் உடன்படிக்கையால் அது 170க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். நான் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டாலும் பெரும்பாலும் அப்பீல் கிடையாது.

அதனால்தான் பொறுப்பேற்குமுன் உறவுகளையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த ஐந்தாம் அட்டவணைப்படி, மூன்று ஆண்டுக்குள் ஒரே தரப்பு என்னை இரண்டு முறை நியமித்திருந்தாலே சந்தேகத்துக்கு இடமுண்டு. பெரிய நிறுவனத்தில் இருந்தபோது நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு கிளையின் கட்சிக்காரர் எப்போதும் குறுக்கே நிற்பார். அதற்காகவே வெளியே வந்து தனியாக உட்கார்ந்தேன். யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டேன் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. கேட்டால் தூத்துக்குடிக்காரன் எவனும் நடுவராக முடியாது!

ஆர்பிட்ரேஷன் ரகசியமானது, விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். யூரியா கப்பல். இறக்கத் தாமதமானதற்கு டெமரேஜ் கேட்கிறார் கப்பல்காரர். மழை நேரத்தைக் கழிக்க வேண்டும் என்கிறார் சரக்குக்காரர். துறைமுக ஏஜென்ட்டின் தாளில் 'மழை'. கப்பலின் லாக் புத்தகத்தில் அதே மூன்று மணி நேரம் 'லேசான தூறல், ஹாட்ச் திறந்திருந்தது'. பழைய சுங்க அலுவலகக் கட்டடமான மேக்ஸ்வெல் சேம்பர்ஸில், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, என்றோ பெய்த மழையை அளந்துகொண்டிருந்தோம்.

என்னை நியமித்தது கப்பல்காரர். இரண்டாம் நாள் இரவு ஹோட்டலில் அன்றைய விசாரணைப் பதிவைப் புரட்டினேன். கேப்டனிடம் நான் கேட்டவை ஒன்பது கேள்விகள். எதிர்த்தரப்பு சாட்சியிடம் இரண்டு. ஒன்பதில் பாதி தேவையே இல்லை. கப்பல்காரரின் ஆள் நானில்லை என்று எதிரே இருந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நியமித்தவர் பக்கம் சாய்வதைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். இந்தச் சாய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எந்த அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

மறுநாள் ஏஜென்ட் அலுவலக குமாஸ்தாவின் சாட்சியம். ஒரு கேள்வி குறித்து வைத்திருந்தேன்: 'மழை' என்று எழுதியது கப்பல் தளத்தில் நின்றா, கரையில் அலுவலக ஜன்னலோரம் உட்கார்ந்தா? கேட்க வேண்டியதால் கேட்கிறேனா, நேற்றைய கணக்கை நேர் செய்யக் கேட்கிறேனா? தலைமை நடுவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

சென்னை திரும்பி, அவார்டில் என் பங்குக்கான வரைவை எழுத உட்கார்ந்தேன். அந்த மூன்று மணி நேரத்துக்கு வந்ததும் பேனா நின்றது. குமாஸ்தா எங்கே நின்றார் என்று பதிவில் எங்குமே இல்லை.